எர்டோஷ் என்ற விசித்திர நண்பர்

1963-இல் பால் எர்டோஷுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, ஹங்கேரியின் கணித இதழ் ஒன்று அவரைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பால் டூரான். இருவரும் புடாபெஸ்டில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவர்களுடைய நட்பு அப்போதே முப்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. எர்டோஷ் அதுவரை எந்தெந்தக் கணக்குகளைத் தொட்டார், எதை எப்படி முடித்தார் என்று டூரான் அதில் துறை துறையாக எடுத்துச் சொன்னார். எர்டோஷைப் போன்ற ஒருவரைக் கொண்டாட அதைவிடப் பொருத்தமான வழி இருக்க முடியாது. கணக்கைத் தவிர அவரிடம் கொண்டாட வேறு சொத்து இல்லை. அந்தக் கணக்கிலும் பாதி நண்பர்களோடு சேர்ந்து போட்டது.

எர்டோஷ் (1913–1996) இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணிதவியலாளர்களில் ஒருவர். எண் கோட்பாடு, சேர்வியல், வரைபடக் கோட்பாடு என்று அவர் கை வைக்காத மூலைகள் குறைவு. அவருக்கு வீடு கிடையாது. வாழ்வின் பெரும்பகுதி நிரந்தர வேலையும் கிடையாது. திருமணம் செய்துகொள்ளவில்லை. பாதி காலியான ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பை, இவ்வளவுதான் உடைமை. நாடு நாடாகப் போய், கணிதம் செய்யும் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். தன் மூளை திறந்திருப்பதாக அறிவிப்பார். சில நாள் தங்கி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு கட்டுரைக்கு விஷயம் சேர்ந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இப்படி அவர் எழுதியவை 1,500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். சேர்ந்து எழுதியவர்கள் 500-க்கும் மேல்.

அவருடைய விநோதப் பழக்கங்களைப் பற்றிய கதைகள் கணித உலகில் ஏராளமாக உலவுகின்றன. துணுக்குகளாகப் படித்தால் அவை வெறும் வேடிக்கைதான். ஆனால் அந்தப் பழக்கங்களில் முக்கியமானவை 1930-களின் தொடக்கத்தில் புடாபெஸ்டின் ஒரு சிறு மாணவர் கூட்டத்தில் பிறந்தவை. அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேசினாரோ, எப்படிக் கணக்குப் போட்டாரோ, அப்படியே கடைசி வரைக்கும் உலகம் முழுவதும் வாழ்ந்துகாட்டினார். அவரைப் புரிந்துகொள்ள அந்தக் கல்லூரித் தோழர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எர்டோஷ் பிறந்தது துயரம் சூழ்ந்த நேரத்தில். அவர் பிறந்த அதே நாட்களில் மூன்று வயதும் ஐந்து வயதுமான இரண்டு அக்காக்கள் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. தந்தை ரஷ்யப் படையிடம் சிக்கி ஆறு ஆண்டுகள் சைபீரியாவில் கைதியாக இருந்தார். எஞ்சிய ஒரே பிள்ளையையும் நோய் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சத்தில் தாய் அன்னா அவரைப் பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். தாய், தந்தை இருவருமே கணித ஆசிரியர்கள். வீட்டில் விளையாட்டுத் தோழர்கள் இல்லாத குழந்தைக்கு எண்களே தோழர்கள் ஆயின. நான்கு வயதுக்குள் மூன்று இலக்க எண்களை மனதிலேயே பெருக்குவார். வீட்டுக்கு வருகிறவர்களின் வயதைக் கேட்டு, அவர்கள் எத்தனை நொடி வாழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்வார். மறுபக்கம், காலணிக் கயிற்றைத் தானே கட்டிக்கொள்ளப் பதினோரு வயது ஆனது. ரொட்டியில் வெண்ணெய் தடவியது இருபத்தொரு வயதில், இங்கிலாந்துக்குப் போன பிறகு. இந்த இரண்டையும் அவரே பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

இப்படித் தனிமையில் வளர்ந்த பையனுக்கு நண்பர்களைத் தேடித் தந்தது ஒரு மாத இதழ். ஹங்கேரியில் பள்ளி மாணவர்களுக்காக 1894 முதல் ஒரு கணித இதழ் வெளிவந்தது. உலகப் போர்களின்போது தடைப்பட்டாலும் இன்றும் வருகிறது. ஒவ்வொரு இதழிலும் கடினமான கணக்குகள் இருக்கும். தீர்வு அனுப்பியவர்களின் பெயர்கள் அச்சாகும். ஆண்டு முடிவில் சிறந்த மாணவர்களின் புகைப்படங்களும் வரும். எர்டோஷ், டூரான், திபோர் கல்லாய், ஜார்ஜ் செக்கரெஷ், எஸ்தர் க்ளைன் என்று பின்னாளில் ஒன்றுசேர்ந்த பலர், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கும் முன்பே பெயராலும் படத்தாலும் அறிந்திருந்தார்கள். பணச் செலவு அதிகமில்லாத ஒரு சிற்றிதழ் ஒரு நாட்டின் கணிதத்துக்கு இவ்வளவு செய்ய முடிந்தது என்பது எந்த நாட்டுக் கல்வியாளர்களும் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆண்ட்ரூ வாஷோனி இந்த நட்பு வட்டத்துக்குள் வந்த விதம் எர்டோஷின் சுபாவத்தை அப்படியே காட்டுகிறது. வாஷோனியின் தந்தை புடாபெஸ்டில் காலணிக் கடை வைத்திருந்தார். 1930-இல் வாஷோனிக்கு வயது பதினான்கு. கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர். ஒருநாள் கடைக்குள் பதினேழு வயதுப் பையன் ஒருவன் நுழைந்தான். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. நான்கு இலக்க எண் ஒன்று சொல் என்றான். வாஷோனி 2532 என்றார். அதன் வர்க்கம் 6411024 என்று உடனே பதில் வந்தது. தனக்கு வயதாகிக்கொண்டிருப்பதால் கனத்தைச் சொல்ல முடியவில்லை என்று வருத்தமும் தெரிவித்தான் அந்தப் பதினேழு வயதுக்காரன். அடுத்து, பித்தாகரஸ் தேற்றத்துக்கு உனக்கு எத்தனை நிரூபணம் தெரியும் என்று கேட்டான். வாஷோனிக்குத் தெரிந்தது ஒன்று. எர்டோஷுக்கு முப்பத்தேழு. இப்படித் தொடங்கிய நட்பு அறுபத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

அதே 1930-இல் எர்டோஷ் புடாபெஸ்டின் பாஸ்மானி பீட்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அன்றைய ஹங்கேரி யூதர்களுக்கு நல்ல இடமாக இல்லை. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் 1920-இலேயே வந்துவிட்டது. படித்து முடித்தாலும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. எர்டோஷின் கூட்டாளிகளில் பெரும்பாலோர் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்து, மீதி நேரத்தையெல்லாம் கணக்குக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் கணிதம் படித்தவர்கள்கூட அல்ல. செக்கரெஷ் வேதிப் பொறியியல் மாணவர். எஸ்தர் க்ளைன் இயற்பியல் மாணவி. வாரம்தோறும் நகரப் பூங்காவில் ஒரு சிலையடியில் கூடுவார்கள், அல்லது புடா மலைகளில் நடந்தபடியே பேசுவார்கள். அந்தச் சிலை, பெயர் தெரியாத ஒரு பழைய வரலாற்றாசிரியருக்கு 1903-இல் எழுப்பப்பட்டது. முகம் முக்காட்டுக்குள் மறைந்திருக்கும், கையில் எழுதுகோல். அந்த எழுதுகோலைத் தொட்டால் தேர்வில் தேறலாம் என்று புடாபெஸ்ட் மாணவர்கள் இன்றும் நம்புகிறார்கள். சிலையின் பெயரே கூட்டத்துக்கும் பெயரானது: ‘அனானிமஸ் குழு’.

எர்டோஷின் புகழ்பெற்ற பரிபாஷை உருவானதும் இந்தப் பூங்காவில்தான். அன்று ஹங்கேரியை ஆண்ட அட்மிரல் ஹோர்த்தியின் ஆட்சியில் அரசியலை வெளிப்படையாகப் பேசுவது ஆபத்து; பக்கத்து இருக்கையில் யார் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார் என்று தெரியாது. எனவே கம்யூனிஸ்டுகளை ‘நெட்டலைக்காரர்கள்’ என்பார்கள். சிவப்பு ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்பது இயற்பியல் தெரிந்தவருக்கே புரியும். ஆபத்துக்காகப் பிறந்த வழக்கம் எர்டோஷிடம் ஆயுள் முழுவதும் தங்கி வளர்ந்தது. குழந்தைகளுக்கு அவர் வைத்த பெயர் ‘எப்ஸிலான்’. கணிதத்தில் மிகச் சிறிய அளவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அது. உரையாற்றுவதைப் பிரசங்கம் என்பார், இசையைச் சத்தம் என்பார், மதுவை விஷம் என்பார். திருமணம் ஆனவர் ‘பிடிபட்டவர்’. கணிதத்தைக் கைவிட்டவர் ‘இறந்தவர்’. உண்மையாகவே இறந்தவரோ ‘கிளம்பிப் போனவர்’. பொறியியலுக்குப் போய்விட்ட வாஷோனி இந்தக் கணக்கில் இளமையிலேயே ‘இறந்தவர்’. அதனால் அன்பு ஒன்றும் குறையவில்லை. கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அவரிடம் ஒரு ‘புத்தகம்’ இருக்கிறது, ஒவ்வொரு தேற்றத்துக்கும் மிக அழகான நிரூபணம் அதில் எழுதப்பட்டிருக்கிறது என்று எர்டோஷ் சொல்வார். ஒரு நிரூபணம் அந்தப் புத்தகத்தில் இருக்கத்தக்கது என்று அவர் சொன்னால், அதற்கு மேல் பாராட்டு இல்லை.

அந்தக் காலத்து எர்டோஷின் முதல் பெரிய சாதனை நம் ஊர்க்காரர் ஒருவரோடு அவரைச் சேர்த்துவைத்தது. ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது பழைய தேற்றம். ரஷ்யாவின் செபிஷேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதை நிரூபித்திருந்தார், ஆனால் வழி கடினமானது. எர்டோஷ் பதினெட்டு வயதில் மிக எளிய நிரூபணம் ஒன்று கண்டார். 1932-இல் அது அச்சானது. கட்டுரையாக்க உதவிய கணிதவியலாளர் கால்மார், இதைப் போன்றதொரு நிரூபணத்தை ஸ்ரீனிவாச ராமானுஜன் 1919-இலேயே தந்திருக்கிறார் என்று சுட்டிக்காட்டினார். ராமானுஜன் என்ற பெயரை எர்டோஷ் நெருங்கி அறிந்தது அப்போதுதான். ஆயுள் முழுவதும் அந்த மதிப்பு மாறவில்லை. அவர் நண்பர் டூரானும் அதே பாதையில் வந்தவர். ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை வெவ்வேறு பகா வகுத்திகள் இருக்கும் என்பதைப் பற்றி ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் ஒரு தேற்றம் கண்டிருந்தார்கள். அதற்கு 1934-இல் டூரான் கொடுத்த நிரூபணம் வியக்கத்தக்க அளவு சிறியது. அந்த வகுத்திகளின் எண்ணிக்கை மணி வடிவப் புள்ளியியல் வளைகோட்டைப் பின்பற்றுகிறது என்று சில ஆண்டுகளில் எர்டோஷும் மார்க் காட்ஸும் காட்டினார்கள். கும்பகோணத்தில் வளர்ந்தவர் தொடங்கிவைத்த வேலையைப் புடாபெஸ்டைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பக்கமாக முன்னெடுத்தார்கள்.

பூங்காக் கூட்டத்தின் மிக அழகான விளைவு எஸ்தர் க்ளைன் கேட்ட ஒரு கேள்வி. 1933 வாக்கில் அவர் நண்பர்களிடம் சொன்னார்: தாளில் ஐந்து புள்ளிகள் வையுங்கள், எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. எப்படி வைத்தாலும் அவற்றில் ஏதோ நான்கு புள்ளிகள், உள்நோக்கிய குழிவு இல்லாத ஒரு நாற்கரத்தை உண்டாக்கும். ஏன்?

விடை ஒரு பக்கத்துக்கும் குறைவு. புள்ளிகளை ஆணிகளாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டதாகக் கொள்ளலாம். வளையம் நான்கு அல்லது ஐந்து ஆணிகளைத் தொட்டு நின்றால் வேலை முடிந்தது. மூன்றை மட்டும் தொட்டால், முக்கோணத்துக்கு உள்ளே இரண்டு ஆணிகள் மிஞ்சும். அந்த இரண்டின் வழியே ஒரு கோடு இழுத்தால், முக்கோணத்தின் மூன்று முனைகளில் இரண்டு ஒரே பக்கத்தில் விழுந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு முனைகளும் உள்ளிருக்கும் இரண்டு ஆணிகளும் சேர்ந்தால் தேவையான நாற்கரம் கிடைத்துவிடும்.

க்ளைன் அதோடு நிற்கவில்லை. நாற்கரத்துக்கு ஐந்து புள்ளி என்றால் ஐங்கோணத்துக்கு எத்தனை, அறுகோணத்துக்கு எத்தனை, பொதுவாக எத்தனை என்று கேட்டார். போதுமான அளவு புள்ளிகள் வைத்தால் எத்தனை முனையுள்ள குழிவற்ற வடிவமும் கிடைத்தே தீருமா என்பதே அப்போது தெரியவில்லை. செக்கரெஷ் சில வாரங்கள் தவியாய்த் தவித்து, கிடைத்தே தீரும் என்று நிரூபித்தார். அந்த முயற்சியில் இங்கிலாந்தின் ஃபிராங்க் ராம்ஸே சில ஆண்டுகளுக்கு முன் கண்டிருந்த ஒரு தேற்றத்தை, அது இருப்பதே தெரியாமல், தானாகவே மறுபடி கண்டுபிடித்தார். ஆறு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் அறிந்த மூவரோ, ஒருவரை ஒருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள் என்பது அந்தத் தேற்றத்தின் மிகச் சிறிய உதாரணம். எவ்வளவு குழப்பமான கூட்டத்திலும், கூட்டம் போதிய அளவு பெரிதானால், ஓர் ஒழுங்கு தலைகாட்டும் என்பதே அதன் உட்பொருள். எர்டோஷ் அதே விடைக்கு வேறொரு வழியும் சொன்னார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1935-இல் வந்தது. 1937-இல் செக்கரெஷும் எஸ்தரும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தக் கணக்குக்கு எர்டோஷ் ‘இனிய முடிவுக் கணக்கு’ என்று பெயர் வைத்தார். கணித நூல்களில் இன்றும் அதே பெயர்தான்.

கல்லாயோடும் எர்டோஷுக்கு இதே உறவு. எல்லாம் ஒரே கோட்டில் அமையாத சில புள்ளிகள் இருந்தால், அவற்றில் சரியாக இரண்டே புள்ளிகள் வழியாகச் செல்லும் கோடு ஒன்றாவது இருக்குமா என்ற கேள்வி 1933-இல் எர்டோஷுக்குத் தோன்றியது. பார்க்கச் சுலபம், அவரால் முடியவில்லை. கல்லாயிடம் சொன்னார், கல்லாய் முடித்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சில்வெஸ்டர் கேட்டுவைத்த கேள்வி அது என்று பிறகுதான் தெரிந்தது. கல்லாய் மிகுந்த கூச்சமுள்ளவர். கண்டதை வெளியிடவே தயங்குவார். எர்டோஷ் அவர் முடிவுகளைப் போகிற இடமெல்லாம் பெயர் சொல்லிப் பரப்பினார். கேள்வியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் யாரால் முடியுமோ அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எர்டோஷுக்கு இருந்த திறமை, அவருடைய தேற்றங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இருபத்தொரு வயதில் முனைவர் பட்டத்தோடு 1934-இல் எர்டோஷ் மான்செஸ்டருக்குப் போனார். விடுமுறைதோறும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். 1938 செப்டம்பரில் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை மிரட்டிய நாட்களில் அவசரமாக ஹங்கேரியை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார். நண்பர்கள் சிதறினார்கள். தோல் பதனிடும் தொழிலில் வேதியியலராக இருந்த செக்கரெஷ் 1939-இல் மனைவியோடு ஷாங்காய் போனார்; அங்கிருந்து 1948-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு. வாஷோனி அமெரிக்கா சென்றார். டூரான் ஊரிலேயே மாட்டிக்கொண்டார். 1940 முதல் அவர் பல முறை கட்டாய உழைப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார். அங்கேயும் கணக்கை விடவில்லை. வரைபடக் கோட்பாட்டில் இன்று அவர் பெயரால் வழங்கும் தேற்றம் முகாமில் இருந்தபோது மனதில் உருவானது. 1944-இல் ஒரு செங்கல் ஆலையில், சூளைகளிலிருந்து கிடங்குகளுக்குத் தண்டவாளத்தில் வண்டி தள்ளும் வேலை. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் வண்டி குலுங்கிச் செங்கல் சரியும். வெட்டும் இடங்களை எவ்வளவு குறைக்கலாம் என்று டூரான் யோசித்தார். அந்தக் கேள்விக்கு முழு விடை இன்றுவரை இல்லை.

போர் எர்டோஷின் குடும்பத்தையும் விழுங்கியது. தந்தை 1942-இல் மாரடைப்பில் இறந்தார். நெருங்கிய உறவினர்களில் நால்வர் யூத இனப்படுகொலையில் மாண்டனர். தாய் பிழைத்தார். 1948 டிசம்பரில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, எர்டோஷ் புடாபெஸ்ட் திரும்பி அவரைப் பார்த்தார். அதே ஆண்டின் கோடையில் பிரின்ஸ்டனில் டூரான் மூலமாக ஒரு பெரிய விஷயம் நடந்திருந்தது. அட்லே செல்பெர்க் என்ற நார்வே கணிதவியலாளர் கண்ட ஒரு சூத்திரத்தை, செல்பெர்க் ஊரில் இல்லாத நேரத்தில் டூரான் ஒரு சிறு கூட்டத்தில் விளக்கினார். கேட்டவர்களில் எர்டோஷும் ஒருவர். அதிலிருந்து அவர் எடுத்த ஓர் அடியும் செல்பெர்க் எடுத்த அடியும் சேர்ந்து, பகா எண் தேற்றத்துக்கு எளிய கருவிகளால் முதல் நிரூபணம் கிடைத்தது. பெருமை யாருக்கு என்பதில் இருவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. கேட்டதை உடனே எல்லோரோடும் பகிர்வது எர்டோஷுக்குப் பூங்காவில் படிந்த இயல்பு. தனியே உழைக்கும் செல்பெர்குக்கு அது பிடிக்கவில்லை.

1954-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுக்குப் போன எர்டோஷுக்குத் திரும்பி வர அமெரிக்கா அனுமதி மறுத்தது. கம்யூனிச அச்சம் தலைவிரித்தாடிய காலம். சீனக் கணிதவியலாளர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதங்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின. 1963 வரை அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. மறுபக்கம், சோவியத் பிடியில் இருந்த ஹங்கேரி, தன் குடிமகனான அவருக்கு விரும்பியபோது வரவும் போகவும் அபூர்வமான அனுமதி கொடுத்தது. இப்படி எந்த நாட்டிலும் வேர் பிடிக்காமல் போனவருக்கு நண்பர்களின் வீடுகளே நாடாயின. எண்பத்து நான்கு வயதில் தாயும் அவரோடு பயணம் செய்யத் தொடங்கினார். 1971-இல் கனடாவில் அவர் இறந்த பிறகு எர்டோஷ் முன்னிலும் அதிகமாக வேலையில் மூழ்கினார், தூக்கத்தை விரட்ட ஊக்க மருந்துகளும் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட விருந்தாளியை வைத்துக்கொள்வது எளிதல்ல. தூக்கம் நான்கைந்து மணி நேரம்தான். விடியுமுன் எழுந்து, வீட்டுக்காரரும் எழுந்து கணக்குக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். துணி துவைக்க, சமைக்க, வண்டி ஓட்ட எதுவும் தெரியாது. நண்பர்களின் தொலைபேசி எண்கள் மட்டும் உலகம் முழுவதற்கும் மனப்பாடம். அமெரிக்காவில் கணித நண்பர் ரான் கிரகாம் அவருக்காகத் தன் வீட்டில் ஓர் அறையே சேர்த்துக் கட்டினார். வரவு செலவு, கடிதங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கணிதவியலாளர் என்பவர் காப்பியைத் தேற்றமாக மாற்றும் இயந்திரம் என்ற பேச்சு எர்டோஷின் பெயரில் உலவுகிறது. அதைச் சொன்னவர் அவர் நண்பர் ஆல்ஃப்ரெட் ரெனி. காப்பி தண்ணியாக இருந்தால் அதிலிருந்து துணைத் தேற்றம்தான் வரும் என்று சேர்த்துச் சொன்னவர் டூரான்.

பணத்தை எர்டோஷ் கையில் தங்க விட்டதில்லை. 1983–84-க்கான வுல்ஃப் பரிசின் 50,000 டாலரில் தனக்கென்று 720 டாலர் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்; பெரும்பகுதி பெற்றோர் நினைவாக மாணவர் உதவித்தொகைக்குப் போனது. தீராத கணக்குகளுக்கு 25 டாலரிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரை சொந்தப் பணத்தில் பரிசு அறிவிப்பார். சென்னையில் ஆற்றிய உரைக்குக் கிடைத்த சன்மானத்தை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தச் சென்னைத் தொடர்பிலும் ஒரு மாணவர் இருக்கிறார். விவேகானந்தா கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி, தன் கணிதச் சிந்தனைகளை எர்டோஷுக்கு எழுதியிருந்தார். 1975 ஜனவரியில், கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போக வேண்டிய எர்டோஷ், அந்த மாணவரைப் பார்ப்பதற்காகவே சென்னை வழியாகப் பயணத்தை மாற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள்; மேற்படிப்புக்கு எர்டோஷ் பரிந்துரையும் செய்தார். காலணிக் கடைக்குள் நுழைந்த அதே பதினேழு வயதுப் பையன்தான் அறுபத்தொரு வயதில் மீனம்பாக்கத்தில் இறங்கினார் என்று சொன்னால் மிகையில்லை.

எர்டோஷோடு நேரடியாகக் கட்டுரை எழுதியவருக்கு ‘எர்டோஷ் எண்’ 1, அவரோடு எழுதியவருக்கு 2, இப்படியே தொடரும். கணித உலகில் நட்பை அளக்கும் இந்த விளையாட்டு 1960-களின் இறுதியில் அச்சில் வந்தது. அல்லாடிக்கு எண் 1.

பழைய நண்பர்களிடம் எர்டோஷ் கடைசி வரைக்கும் மாணவராகவே சண்டை போட்டார். 1995-இல் வாஷோனியின் வீட்டில் நடந்தது அதற்கு நல்ல சாட்சி. பேச்சு ஒரு போட்டிப் புதிரில் வந்து நின்றது: மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். போட்டியாளர் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறார். கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர், மீதி இரண்டில் ஆடு உள்ள ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றுவது நல்லது என்றார் வாஷோனி. எர்டோஷ் ஒப்பவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். உண்மையில் முதல் தேர்வு சரியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மாற்றினால் மூன்றில் இரண்டு. வாஷோனி கிளைப்படம் போட்டுக் காட்டினார், பயனில்லை. கணினியில் அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டுக் காட்டினார். விடை ஒப்புக்கொள்ளும்படி ஆனது. ஆனாலும் காரணம் புரியாமல் எர்டோஷ் அதிருப்தியோடு இருந்தார். சில நாள் கழித்து, கிரகாம் விளக்கிய பிறகே மனம் ஆறியது. உலகின் தலைசிறந்த மூளைகளில் ஒன்று, எளிய நிகழ்தகவுக் கணக்கில் தோற்றதை மறைக்காமல் நண்பரிடம் சொன்னது.

நண்பர்கள் அவரைப் பற்றி எழுதினார்கள் என்றால், அவரும் கடனைத் திருப்பினார். எர்டோஷின் தேர்ந்தெடுத்த கட்டுரைகள் 1973-இல் நூலானபோது செக்கரெஷ் அந்தப் பூங்கா நாட்களை அதில் நினைவுகூர்ந்தார். 1976-இல் டூரான் இறந்த பிறகு, அவருடைய கணிதத்தைப் பற்றி எர்டோஷ் தன் நினைவுகளோடு சேர்த்து எழுதினார். டூரானின் மனைவியும் கணிதவியலாளருமான வேரா சோஷோடு தொடர்ந்து ஆய்வு செய்தார். 1982-இல் கல்லாயின் எழுபதாம் வயதுக்கும் அதே போன்ற கட்டுரை. இவற்றிலெல்லாம் புகழ்ச்சி குறைவு, கணக்கு அதிகம்: எந்த நண்பர் எப்போது என்ன கேட்டார், யார் எதை முடித்தார், எது இன்னும் முடியவில்லை. எர்டோஷின் அறுபதாம் வயதையும் எண்பதாம் வயதையும் ஹங்கேரியின் பாலாடோன் ஏரிக்கரையில் கெஸ்ட்ஹெய் ஊரில் மாநாடு கூட்டிக் கணிதவியலாளர்கள் கொண்டாடினார்கள். 1996 செப்டம்பர் 20 அன்று வார்சாவில், ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த இடத்தில், மாரடைப்பால் எர்டோஷ் இறந்தார். புடாபெஸ்டில் பெற்றோரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். வாஷோனி அவரைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரையின் தலைப்பில், அவருடைய பரிபாஷைப்படியே ‘கிளம்பிப் போனார்’ என்றே குறிப்பிட்டார்.

செக்கரெஷும் எஸ்தரும் ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு ஆர்வம் ஊட்டும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டார்கள். 2005 ஆகஸ்ட் 28 அன்று அடிலெய்டில் ஒரு மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். எஸ்தரின் கேள்விக்கு நாற்கரத்துக்கு 5, ஐங்கோணத்துக்கு 9 என்ற விடைகள் 1930-களிலேயே தெரியும். அறுகோணத்துக்கு 17 என்பதை செக்கரெஷும் லிண்ட்ஸே பீட்டர்ஸும் கணினியின் துணையோடு நிரூபித்த கட்டுரை 2006-இல், செக்கரெஷ் மறைந்த அடுத்த ஆண்டு, அச்சானது. எழுகோணத்துக்கு 33 என்று எதிர்பார்க்கப்படுகிறது, நிரூபணம் இல்லை. முனைகள் ஒவ்வொன்றாகக் கூடும்போது தேவையான புள்ளிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற எர்டோஷ்–செக்கரெஷ் ஊகத்துக்கு மிக அருகில், 2016-இல் ஆண்ட்ரூ சுக் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வந்தார். சரியான எண்ணிக்கையை நிரூபிப்பவருக்கு எர்டோஷ் அறிவித்த பரிசு 500 டாலர்.